அரை அடி

அன்று தை அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில், விடியுமுன்பே வரிசை வீதிவரை நீண்டிருந்தது. நடுவில் நின்ற நண்பர் கைகாட்டினார். பேச்சுக் கொடுப்பவன்போல் போய் அவரருகே புகுந்துகொண்டேன். பின்னால் நின்ற மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இடம் விட்டு அரை அடி நகர்ந்துகொண்டாள்.

2023-இல் ஏ.ஆர். ரஹ்மானின் சென்னை இசை நிகழ்ச்சி, மழையால் ஆகஸ்ட் 12-இலிருந்து செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போயிற்று. ரசிகர்கள் பொறுத்தார்கள். ஆனால் அன்று கையில் டிக்கெட் இருந்தும் பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியபோது கொதித்தார்கள். மழைக்கு ஓரவஞ்சனை தெரியாது. தாமதத்தை மனிதன் தாங்குவான். தன்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதை எப்படித் தாங்குவான்?

செய்தியைப் படித்து நானும் கோபப்பட்டேன். உடனே மூதாட்டி நினைவுக்கு வந்தாள். ஊரறிய நடந்தால் அநியாயம். நான் ஓசையில்லாமல் செய்தால் சாமர்த்தியமா? வரிசை என்பது கயிறும் கம்பமுமா? முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு அல்லவா அது?

மறுநாளே ரஹ்மான் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, டிக்கெட்டின் நகலோடு குறைகளை எழுதியனுப்பச் சொன்னார். நானோ அந்த அம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருமாளைச் சற்று முன்னதாகவே சேவித்தேன், அவ்வளவுதான். அந்த அரை அடியை இனி யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பேன்?