சதயத்தன்று எடுக்கும் உழவாரம்

சித்திரைச் சதயம் அப்பர் பெருமான் குருபூசை. ஜமுனாமரத்தூரில் என் வீட்டு வாசலிலிருந்து ஊர்ச்சாலை வரை 40 அடிக்கு ஒரு தார்ப் பாதை உண்டு. அன்று விடியலில் குளித்து, திருநீறு பூசி, அந்தப் பாதையில் உட்கார்ந்துவிடுவேன். கையில் அப்பர் ஏந்தியது போல, புல் செதுக்கும் சின்ன உழவாரம், பக்கத்தில் ஒரு வாளி தார் எமல்ஷன், ஒரு கூடை சலித்த மணல். ஓரத்துக் கோரையையும் அருகையும் வேரோடு செதுக்குவேன். விரிசல்களைத் துடைப்பத்தால் கூட்டி, எமல்ஷன் ஊற்றி, மேலே மணல் தூவுவேன். பன்னிரண்டு வருடமாக என் குருபூசை இதுதான்.

நாளும் பொருத்தமான நாள். சித்திரை வெயிலில் ஜவ்வாது மலையும் காய்ந்து கிடக்கும்; ஈரமில்லாத விரிசலில்தான் தார் பிடிக்கும். தென்மேற்கு மழை மலை ஏறுவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

நான் சாலைப் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மலைச்சாலைகளில் பள்ளம் அடைத்தே காலம் போயிற்று. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கும் தாரைச் சுமந்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்குப் போகிற வழி மட்டும் செம்மண் சரிவாகவே இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் அம்மா அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள். எழுந்து நடந்தால் நல்ல வழியில் நடக்கட்டும் என்று போட்ட பாதை இது.

மேல்மண்ணை அரை அடி வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கினோம். அதன்மேல் ஒன்றரை ஜல்லி மூன்று அங்குலம். 10 அடி அகலத்துக்கு நடுவில் ஒன்றரை அங்குலம் தூக்கிவைத்தோம், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய. ஒரு டிரம் தாரை விறகில் காய்ச்சினோம். தாரில் நீலப்புகை கிளம்பினால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அந்தத் தார் சீக்கிரம் வெடித்துப்போகும். சின்ன ஜல்லியைத் தகரத்தில் போட்டுச் சூடாக்கி, தாரோடு மண்வெட்டியால் புரட்டி, சூடு ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டினோம். அம்மா அதில் ஒன்றேகால் வருடம் நடந்தாள்.

தார் என்று நாம் சொல்லும் இது, கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடு. போட்ட அன்றே அது மூப்படையத் தொடங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டு இறுகுகிறது, இறுகியது வெடிக்கிறது, வெடிப்பில் தண்ணீர் இறங்கி ஜல்லியையும் தாரையும் பிரிக்கிறது. மேலே பள்ளம் தெரிகிற நாளில் அடியில் கேடு வந்து ரொம்ப நாளாகியிருக்கும். அதனால்தான் பள்ளத்தை அப்படியே மூடக்கூடாது. உறுதியான விளிம்பு வரும்வரை சதுரமாக வெட்டி, ஈரமண்ணை அள்ளிக் காயவைத்து, நான்கு சுவருக்கும் தார் பூசிய பிறகே நிரப்ப வேண்டும்.

எப்படியும் அழியப்போகிற ஒன்றை வருடா வருடம் பேணுவதை வழிபாடு என்று சொல்லலாமா? போளூரில் சில வருடம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறிப்பது எல்லாம் சரியை; உடம்பால் செய்கிற தொண்டு, தாச மார்க்கம். அதற்கு அப்பரைச் சொல்வார்கள், ஞானத்துக்கு மாணிக்கவாசகரை. தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று உவமித்ததை விளக்கிய ஆசிரியர், "அரும்பிலேயே நின்றுவிடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

பிறகு பெரியபுராணத்தைத் திரும்பப் படித்தேன். கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியும் மிதந்தவர், மறைக்காட்டில் கதவு திறக்கப் பாடியவர், கயிலை தேடி உடம்பு தேயத் தேய ஊர்ந்து, ஐயாற்றில் அந்தக் காட்சியைக் கண்டவர் அப்பர். கண்டாயிற்று, இனி என்ன வேண்டும்? ஆனால் கடைசியில் திருப்புகலூரில் சேக்கிழார் அவரைக் காட்டும்போதும் கையில் உழவாரம் இருக்கிறது. செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்ன, அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிகிறார். ஆசையை வென்றதற்கு அடையாளம் என்று இதைச் சொல்வார்கள். சரிதான். கூலி வேலை செய்த எனக்கு இன்னொன்றும் படுகிறது. வழியைச் சுத்தம் செய்கிறவன் கைக்கு வருவதைத் தரம் பிரித்துக்கொண்டு நிற்கமாட்டான். நடக்கிறவன் காலில் இடறும் எதுவும் அவனுக்கு ஒன்றுதான், ஓரம் போக வேண்டியது. கனிந்த பிறகும் அவர் அரும்பை உதிர்க்கவில்லை. எங்கள் மலைப் பலாவிலும் சில மரம் வேரிலேயே பழுக்கிறது.

வழியைப் பற்றிய கவலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மலையடிவாரத்துச் செங்கத்தில் ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், அவனிடம் போகிற கூத்தருக்கு எங்கே குழி, எங்கே வழுக்கும் பாறை என்று சொல்லிக்கொண்டே போகிறது. பின்னால் வருகிறவன் விழக்கூடாது என்பதற்காக ஒரு பெரும்பாட்டு.

என் பாதையால் ஒரு தீங்கும் நேர்ந்தது, அதை மறைக்கக்கூடாது. கீழே சாமை விதைக்கிற ஆயா ஒருநாள் வந்து, "தம்பி, உன் பாதை குடிக்காத தண்ணியெல்லாம் என் கொல்லையில வந்து அறுக்குதே" என்றது. போய்ப் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்து, ஒரு பாத்தி சாமை சாய்ந்து கிடந்தது. ஓர் அங்குல மழை பெய்தால் அந்த 400 சதுர அடியிலிருந்து 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். முன்பு அதில் ஒரு பங்கையாவது மண் குடித்தது. என் அம்மாவுக்கு வழி செய்த கையால் இன்னொருத்தி விளைச்சலை அழித்திருக்கிறேன். அதை எந்த மார்க்கத்தில் வைப்பது? மறுநாளே பாதையின் கீழ்முனையில் நாலடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம் குழி வெட்டி, கல் நிரப்பி, தண்ணீரை அதற்குத் திருப்பினேன். சதயத்தன்று அந்தக் குழியில் சேர்ந்த வண்டலையும் இப்போது அள்ளுகிறேன். ஓடையை மண் போட்டு மூடிக்கொடுத்தேன். ஆயா அதற்குப் பிறகு ஒரு மரக்கால் சாமை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

இந்த வருடம் வாசல் பலாவின் வேர் பாதைக்கு அடியில் புகுந்து, ஒரு சாண் அகலத்துக்குத் தாரைத் தூக்கிவிட்டது. வேரை வெட்டினால் ஒரு காலை வேலை. அம்மா வைத்த மரம், போன ஆனியில் ஆறு பழம் கொடுத்தது. அந்த இடத்தில் தாரைப் பெயர்த்து மண்ணாகவே விட்டுவிட்டு, பாதையை இரண்டடி தெற்கே ஒதுக்கிப் போட முடிவு செய்திருக்கிறேன். ஜல்லிக்குச் சொல்லியாயிற்று.