கண்காணிப்பும் காவலும்

சிக்கிமின் வடக்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு உடைத்துக்கொண்டது. மறுநாளே ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் அந்த ஏரியின் மூன்று செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. செப்டம்பர் 17இல் ஏரியின் பரப்பு 162.7 ஹெக்டேர், 28இல் 167.4, அக்டோபர் 4 காலை 60.3. ஒரே இரவில் நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு இல்லாமல் போயிருந்தது. ஏரியின் வெள்ளம் பாய்ந்த தீஸ்தா ஆற்றின் கரையெங்கும் சேற்றைத் தோண்டி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வெள்ளம் எங்கிருந்து புறப்பட்டது, ஏரி எவ்வளவு சுருங்கியது என்பதைத் தசமப் புள்ளி வரை நம்மால் சொல்ல முடிந்தது. படங்களை எடுத்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனாலும் அந்த மூன்று எண்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது, இவ்வளவு தெளிவாகப் பார்க்கத் தெரிந்த நாம் ஏன் பார்க்காதவர்களைப் போல அந்த இரவுக்குள் நடந்துபோனோம் என்ற கேள்வி மனத்தை விட்டு அகலுவதில்லை.

அந்த ஏரியை யாரும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை என்பதுதான் இதில் கனமான செய்தி. 1977இன் படத்தில் அதன் பரப்பு 17.5 ஹெக்டேர்தான். மேலேயுள்ள பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் நீர் தேங்கி, 2008இல் 98.7 ஹெக்டேர் ஆகியிருந்தது. இதை அளந்த அதே தொலையுணர்வு மையத்தின் ஆய்வாளர்கள், ஏரி உடைவதற்கான வாய்ப்பு அதிகம் என்று 2013இலேயே ஆய்விதழில் எழுதினார்கள். 2016இல் ஒரு குழு மேலே ஏறிச் சென்று, குழாய்களைப் போட்டு நீரை இறக்க முயன்றது. உடைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2023 செப்டம்பரில், முன்னெச்சரிக்கை அமைப்பின் முதல் கட்டமாகச் சில கருவிகளும் அங்கே வைக்கப்பட்டன. பத்தாண்டுகள், அதற்கு முன்னும் முப்பதாண்டுகள், ஒவ்வொரு படத்திலும் ஏரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அது பெரிதாகிவிட்டது என்பதை யாரோ ஒருவர் சரியாகக் குறித்துவைத்தார்.

பனியாற்றை விண்ணிலிருந்து அடையாளம் காணும் முறை, சொல்லக் கேட்டால் எளிமையானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பனி பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்; அகச்சிவப்புக் கதிர்களின் ஒரு பகுதியை அதே பனி விழுங்கிக்கொண்டு கருத்துத் தெரியும். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் பனி எது, மேகம் எது, வெளிறிய பாறை எது என்று கணினியே பெரும்பாலும் பிரித்துவிடும். சிரமம் அதற்கப்பால் இருக்கிறது. முந்தைய நாள் பெய்த பனி மலைச்சரிவு முழுவதையும் வெளுப்பாக்கிவிட்டால் பனியாற்றின் எல்லை மறைந்துபோகும். ஆகவே உருகும் பருவத்தின் இறுதியில், புதுப்பனி விழுவதற்கு முன், மேகமில்லாத ஒரு நாளின் படம் வேண்டும். பருவமழை சூழ்ந்த கிழக்கு இமயத்தில் அப்படியொரு நாள் வாய்ப்பது அரிது. மேகத்தை ஊடுருவும் ராடார் படங்கள் இப்போது உண்டு என்றாலும், செங்குத்தான மலைகளின் மறைவுகளில் ராடாரும் தடுமாறும்.

எல்லாவற்றையும்விடக் கடினம், கல்லும் மண்ணும் மூடிய பனி. இமயத்தின் பெரிய பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி, கங்கோத்ரி உட்பட, சரளையும் பாறையும் போர்த்திக் கிடக்கிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அது வெறும் மலைச்சரிவு. அங்கே கடைசியில் ஒரு மனிதர்தான் திரையின் முன் அமர்ந்து, சரிவின் வளைவையும், நீர்க் கசிவையும், முந்தைய ஆண்டுப் படத்தையும் பார்த்துப் பார்த்துத் தன் கையால் கோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள இருவர் ஒரே பனியாற்றுக்கு இழுக்கும் கோடுகள் ஒன்றாக இருப்பதில்லை. உலகின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகளின் எல்லைகளைக் கொண்ட ராண்டால்ஃப் பட்டியல், ஐ.நா.வின் பருவநிலை அறிக்கைக்காக 2012இல் முதன்முதலாகத் தொகுக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் கணக்குகளுக்கு அதுவே அடித்தளம். கணினி வரைந்த எத்தனையோ எல்லைகளை மனிதக் கைகள் திருத்திய அந்தப் பட்டியலில் எத்தனை பேருடைய பொறுமை உறைந்திருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய உழைப்பு அது.

எல்லைக் கோடு சொல்வது பாதிதான். கல் போர்த்திய பனியாறு, முனை நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளுக்குள் தளர்ந்து தாழ்ந்துகொண்டே போகக்கூடும். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தலைமையேற்ற ஓர் ஆய்வு, இமயத்தின் 2,018 பனியாறுகளை 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட படங்களில் ஒப்பிட்டு, 1,752 பனியாறுகளில் மாற்றம் தென்படவில்லை என்று 2014இல் வெளியிட்டது. அளந்தது எதுவோ அதற்கு அது நேர்மையான விடைதான். ஆனால் பொதுப்பேச்சில் அது ‘இமயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று உருமாறியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிழை நடந்திருந்தது: 2007இல் வெளிவந்த பருவநிலை அறிக்கையில் இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடலாம் என்ற ஆதாரமற்ற வரி ஒன்று இடம்பெற்று, 2010 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. நாம் இரண்டு எண்களையும் வாதாடுவதற்கு எடுத்துக்கொண்டோம். பயப்பட விரும்பியவர்களுக்கு ஒன்று, பயப்பட விரும்பாதவர்களுக்கு இன்னொன்று. பனியின் ஆழத்தைப் பற்றி இரண்டுமே அதிகம் சொல்லவில்லை.

ஆழத்தைச் சொன்ன சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எழுபதுகளில் அமெரிக்கா அனுப்பிய ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளைப் பெட்டிகளில் அடைத்துக் கீழே வீசின. பாராசூட்டில் இறங்கிவந்த பெட்டிகளை விமானங்கள் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தன. பகைநாட்டு ஏவுகணைத் தளங்களையும் ராணுவ வரைபடங்களுக்கான நிலத்தையும் தேடி எடுத்த அந்தப் படங்களில் இமயமும் விழுந்திருந்தது. 2002இல் அவற்றின் ஒரு பகுதி ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களைக் கொண்டு அன்றைய பனியின் உயரத்தை மீட்டெடுத்து, பின்னாளைய செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. இமயத்தின் 2,000 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 650 பனியாறுகள். 1975இல் இருந்த பனியில் 2016இல் எஞ்சியது ஏறத்தாழ 72 விழுக்காடு. 2000க்குப் பிந்தைய இழப்பின் வேகம் அதற்கு முந்தைய கால்நூற்றாண்டைப் போல் இருமடங்கு. ஒருவரையொருவர் அழிக்கும் அச்சத்தில் எடுத்த படங்கள்தாம், நாம் எல்லோரும் சேர்ந்து எதை இழந்துகொண்டிருந்தோம் என்பதற்கு இன்று சாட்சியாக நிற்கின்றன. அன்று அந்தப் படச்சுருளைப் பார்த்தவர்களின் கண்ணில் அந்த வெண்மை பட்டிருக்கத்தான் வேண்டும். அவர்கள் தேடியது அது அல்ல.

எதைத் தேடுகிறோம் என்பது எதைப் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 2021 பிப்ரவரி 7 காலை உத்தராகண்டின் சமோலியில், ரோந்தி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் கலந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. ரிஷிகங்கா, தௌலிகங்கா ஆறுகள் சேறும் பாறையுமாகப் பொங்கி, இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்தன. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 200க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் அத்திட்டங்களின் தொழிலாளர்கள். பிறகு பழைய படங்களைப் புரட்டியபோது, 2016இலிருந்தே அந்தச் சரிவில் ஒரு பிளவு திறந்துவந்திருப்பது தெரிந்தது. படங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பவை. சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் ஒரு காரணம் இருக்கவில்லை. அன்று காலை கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை, மேட்டில் நின்றவர்களின் கூச்சல். தலைக்கு மேலே எத்தனையோ கண்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திய கிராமத்தாரின் குரலை நாம் காணொளிகளில் கேட்டோம்.

சமோலியில் பார்க்கவில்லை என்றாவது சொல்லலாம். லோனாக்கில் அதையும் சொல்ல முடியாது. ஏரியின் ஒரு பக்கக் கரையாக இருந்தது, பனியாறு காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் உறைந்து இறுகிய மேடு. அந்த மேடு, ஏரி உடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 மீட்டர் வரை நகர்ந்துகொண்டிருந்ததைப் பிற்பாடு செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அக்டோபர் 3 இரவு பத்து மணியளவில் சுமார் 1.47 கோடி கன மீட்டர் மேடு ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை எதிர்முனையை உடைத்து ஐந்து கோடி கன மீட்டர் நீரைத் திறந்துவிட்டது. ஏரிக்கு அறுபது கிலோமீட்டர் அளவுக்குக் கீழே சுங்தாங்கில் இருந்த, 2017இல் இயங்கத் தொடங்கிய 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டத்தின் அணை நள்ளிரவை ஒட்டி அடித்துச்செல்லப்பட்டது. அணைக்குப் பின்னால் இருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. 55 பேர் இறந்தார்கள், 74 பேரைக் காணவில்லை. ஏரி வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், அந்த ஏரியின் நீர் வரும் வழியில் அந்த அணையும் எழுந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே செயற்கைக்கோள் பார்த்தது. இரண்டின் கோப்புகளும் வெவ்வேறு அறைகளில் இருந்தன.

இந்த அறைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அறிவு நம்மிடம் குறைவாக இல்லை. மத்திய நீர் ஆணையம் உருகும் பருவத்தில் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான இமய ஏரிகளின் பரப்பை அளந்து அறிக்கை வெளியிடுகிறது. இஸ்ரோ 2024 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவின் இமய ஆறுகளுக்கு நீர் தரும் நிலப்பரப்பில் பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு விரிந்திருக்கின்றன. அவற்றில் 601 இருமடங்குக்கும் மேல். இந்த 676இல் இந்தியாவுக்குள் இருப்பவை 130 மட்டுமே. மற்றவை எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. அவற்றின் நீர் இறங்கிவரும் பள்ளத்தாக்குகளில் நம் மக்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் எல்லைக் கோட்டைக் கண்டுகொள்வதில்லை. நேபாளத்திலோ திபெத்திலோ ஒரு ஏரி உடைந்தால், அந்தச் செய்தி மலையிலிருந்து நீர் இறங்குவதைவிட வேகமாக அலுவலகங்களைத் தாண்டிக் கீழே வர வேண்டும்.

கண்காணிப்பதும் காப்பதும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ ஊறிவிட்டது. ஒரு ஏரியைப் பட்டியலில் சேர்த்து, அபாயகரமானது என்று வகைப்படுத்தி, ஆண்டுதோறும் அதன் பரப்பைக் குறித்துவிட்டால், அதற்காக ஏதோ செய்துவிட்ட நிம்மதி வருகிறது. காய்ச்சல்காரரின் தலைமாட்டில் வெப்பமானியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பவரின் நிம்மதி அது. அளக்காதவரைவிட அவர் மேல்தான். ஆனால் காய்ச்சல் இறங்குவதற்கு வேறு கைகள் வேண்டும். 2000க்கும் 2019க்கும் இடையே உலகின் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் பனியை இழந்தன என்று 2021இன் ஆய்வு ஒன்று, ஏறக்குறைய எல்லாப் பனியாறுகளையும் படம்படமாக அளந்து சொன்னது. அந்த எண்ணைக் கண்டுபிடித்த கடின உழைப்பை வணங்கத்தான் வேண்டும். அதைக் குறைக்கும் வேலை ஆய்வாளர்களுடையது அல்ல. கரியை எரித்து வாழும் நம் எல்லோருடையது. அதை அவர்களிடமே விட்டுவிட்டு, அடுத்த அறிக்கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உடைந்த தீஸ்தா அணையை மறுபடி கட்டலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. முன்பு சுமார் 60 மீட்டராக இருந்த அணை இம்முறை கான்கிரீட்டில் ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் எழும். மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. சிக்கிமுக்கும் வேண்டும், அதை வாங்கும் சமவெளிகளுக்கும் வேண்டும். அணையின் வலிமையைக் கணக்கிட மேலேயுள்ள ஏரிகளின் படங்களைப் பொறியாளர்கள் விரித்துப் பார்ப்பார்கள். அதே படங்கள் சுங்தாங்கின் பள்ளிக்கூடத்திலும் இன்னும் கீழே இருக்கும் சிங்தாமின் கடைத்தெருவிலும், அந்தந்த ஊர்க்காரர் பேசும் மொழியில், வெள்ளம் எந்த வீடு வரை ஏறும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், சங்கு ஊதியபின் எத்தனை நிமிடம் இருக்கிறது என்ற குறிப்புகளோடு விரிக்கப்பட வேண்டும். நள்ளிரவில் அந்தச் சங்கை ஊதுவதற்கு மேலிடத்து அனுமதியை எதிர்பார்க்கத் தேவையில்லாத ஓர் ஆள் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை.