ஊற விட்டு இறைப்போம்

சிவமயம்



எந்தக் கருமத்தையும் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்குவது எமது வழக்கம். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போதும், பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போதும், தோட்டத்தில் முதற் கன்றை நடும்போதும் விக்கினம் தீர்க்கும் பெருமானை நினைந்தே தொடங்குகின்றோம். ஆனால் தொடங்கிய கருமங்கள் யாவும் நிறைவேறுகின்றனவா? பாதியில் நின்றுபோன காரியம் ஒன்றாவது இல்லாத வீடு இல்லை. அவற்றுட் சில சோம்பலினால் நின்றவை. அதனைக் கண்டித்துப் பெரியோர் நிறையவே சொல்லியிருக்கின்றார்கள். வேறு சில, ஆர்வ மிகுதியினால் அளவுக்கு மிஞ்சி ஓடி, இளைத்து விழுந்ததனால் நின்றவை. அந்த இரண்டாவது வகையைப் பற்றியே இம்மலரில் சில வார்த்தை எழுத விரும்புகின்றேன்.

எமது யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. மாரியிலே பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அங்கே நன்னீர் பாரம் குறைந்ததாகையால் கடல்நீரின் மேலே மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். எங்கள் முன்னோர் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனித வலு களைக்கும்போது கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. இறைத்த நீர் மீண்டும் ஊறியது. இறைப்பு மிசின் வந்தபின் நாள் முழுவதும் இறைக்க முடிந்தது. பல இடங்களில் நன்னீர் வற்ற, கீழிருந்த உவர்நீர் மேலேறியது. தண்ணீர் குறையவில்லை, சுவைதான் மாறியது. அந்தத் தண்ணீரை விட்ட பயிர் கருகியது.

மனிதனும் அப்படித்தான். ஊறுவதற்கு விடாமல் இறைத்தவனிடம் வேலை நின்றுவிடுவதில்லை. வேலை நடந்துகொண்டே இருக்கும், ஆனால் உவர்ப்பாக நடக்கும். மனைவியிடம் சினம், பிள்ளையிடம் எரிச்சல், கோயிலுக்கு வந்தாலும் மனம் ஒன்றாமை. உவர் ஏறிவிட்டது என்பதற்கு இவையே அடையாளம். கிணறு முற்றாக வற்றும்வரை காத்திருக்காமல், சுவை மாறும்போதே இறைப்பைக் குறைப்பவன்தான் நல்ல தோட்டக்காரன்.

திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றிலே சேக்கிழார் பெருமான் காட்டும் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கயிலைக் காட்சியை விரும்பிய சுவாமிகள் திருக்காளத்தியிலிருந்து வடக்கே நடந்தார். காசியைக் கடந்தார். பாதங்கள் தேய்ந்தன. கைகளால் ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய மார்பினால் ஊர்ந்தார். பின்னர் உருண்டார். உடம்பு முழுதும் ஓய்ந்த நிலையில், இறைவன் ஒரு முனிவர் வடிவில் வந்து, திரும்பிச் செல்லும்படி சொல்கின்றார். சுவாமிகள் மறுக்கின்றார். அப்போது இறைவன், அங்கிருந்த பொய்கையிலே மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து கயிலைக் காட்சியைக் காணும்படி அருளுகின்றார்.

"இறுதிவரை விடாமல் உருண்டதனால் அல்லவா அருள் கிடைத்தது? நீர் ஓய்வைப் பற்றிப் பேசுகின்றீரே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவாமிகளின் உறுதியை இறைவன் குறை சொல்லவில்லை. அந்தக் குறிக்கோளைக் கைவிடச் செய்யவும் இல்லை. மாற்றியது வழியை மட்டுமே. அதன் பின்னர் சுவாமிகள் என்ன செய்தார் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. கயிலையைக் கண்டாயிற்று என்று இருந்துவிடவில்லை. பழையபடி உழவாரப் படையை எடுத்துக் கொண்டு, தலந்தோறும் புல்லைச் செதுக்கினார். 81 வயது வரை வாழ்ந்து திருப்புகலூரிலே முத்தி பெற்றார் என்பது மரபு. அங்கும் அவர் செய்துகொண்டிருந்தது உழவாரப் பணியே. கயிலைப் பயணம் ஒருமுறை. உழவாரமோ நாள்தோறும். வாழ்நாள் முழுவதும் அவரைத் தாங்கியது அந்த நாளாந்தப் பணிதான்.

முயற்சியைப் போற்றி ஆள்வினையுடைமை என்று 62ஆம் அதிகாரம் தந்த வள்ளுவப் பெருந்தகையே, அதற்கு முன்னர் 48ஆம் அதிகாரமாக வலியறிதலை வைத்தார். மயிலிறகுக்கும் வண்டியின் அச்சை முறிக்கும் வலு உண்டு என்று அங்கேதான் எச்சரிக்கின்றார். பெரிய சுமையைக் கண்டு நாம் அஞ்சுவோம், அவதானமாக இருப்போம். ஒவ்வொன்றாகச் சேரும் சிறு சுமைகளையோ எண்ணுவதே இல்லை.

எமது விரத ஒழுங்கிலும் இந்த அறிவு இருக்கின்றது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பது உத்தமம் என்று சொன்ன நாவலர் பெருமான், அது இயலாதவர்கள் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு, சஷ்டியன்று மாத்திரம் உபவாசம் இருக்கலாம் என்றும் வழி காட்டியிருக்கின்றார். இயலாதவரை விரதத்திலிருந்து விலக்கவில்லை, அவரவர் வலுவுக்கேற்ற படி ஒன்றை வைத்தார். அந்த விரதத்தை ஆறு வருடம் தொடர்ந்து அனுட்டிக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த ஐந்து வருடத்துக்கும் உடம்பும் மனமும் வேண்டாமா?

கோயிலைப் பாருங்கள். காலைப் பூசை, உச்சிப் பூசை, சாயரட்சை என்று முறை இருக்கின்றது. பூசைக்கும் பூசைக்கும் இடையே நடை சாத்தப்படுகின்றது. பெரிய ஆலயங்களிலே அர்த்தசாமம் முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கின்றோம். எல்லாம் வல்ல பெருமானுக்கு ஓய்வு வேண்டியதில்லை. அந்தக் கிரியையைப் பார்க்கும் எமக்குத்தான் அது பாடம். நடை சாத்தினால் பூசை தடைப்பட்டுவிட்டது என்று எவரும் சொல்வதில்லை.

தேர்த் திருவிழாவும் ஒரு பாடமே. வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கின்றோம். சில்லுக்குக் கட்டை வைப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாவிட்டால் வீதித் திருப்பத்திலே தேர் திரும்பாது. அத்துடன் எவ்வளவு வலிமையுள்ளவனும் தனியாகத் தேர் இழுப்பதில்லை. "எல்லாவற்றையும் நான் ஒருவனே செய்ய வேண்டும்" என்று நினைப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

நான் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த காலத்தில் கண்ட ஒன்றையும் சொல்கின்றேன். கடிதங்களை அன்றன்றே கோவையிலிட்டு, நேரத்துக்கு வீடு சென்றவர்களின் மேசை வருட முடிவிலும் ஒழுங்காக இருந்தது. மாதக்கணக்கில் சேரவிட்டு, இரவிரவாக இருந்து முடித்தவர்கள் பாராட்டுப் பெற்றார்கள், ஆனால் அடுத்த மாதம் நோயில் படுத்தார்கள்.

இன்று எமது ஊரிலே இதனை யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது? முதலில் பெற்றோருக்கு. புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, பாடசாலை விட்டதும் ரியூசனுக்கு அனுப்பி, இரவிலும் மேசையிலே இருத்துகின்றோம். அந்தப் பிள்ளைக்கு உயர்தரம் வரை இன்னும் எத்தனை மாரி இருக்கின்றது! விளையாடும் நேரம் வீணான நேரமல்ல, அது ஊறும் நேரம். அடுத்து, வெளிநாட்டிலே இரண்டு வேலை செய்து பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு. "அந்தத் திருத்த வேலை அடுத்த வருடம் பார்க்கலாம், நீ ஒரு நாளாவது ஆறுதலாக இரு" என்று தொலைபேசியில் ஒருமுறை சொல்லுங்கள். கோயில் திருப்பணிக்கும் இது பொருந்தும். பிறகு, வீட்டிலே எல்லோரும் உண்டபின் உண்டு, எல்லோரும் உறங்கியபின் உறங்கும் தாய்மாருக்கு. அவர்களின் சுமையைப் பங்கிடுவதும் தொண்டே.

ஆகவே குறிக்கோளைச் சுருக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்குச் செய்யக்கூடிய அளவை வகுத்துக் கொள்வோம். இயலாத நாளிலும் அதில் ஒரு சிறு பங்கையேனும் செய்வோம். ஓய்வையும் வேலையைப் போல நேரம் குறித்து எடுப்போம். உறக்கம் இன்றி, உணவில் விருப்பம் இன்றி, எதிலும் பற்றின்றி வாரக்கணக்கில் ஒருவர் இருந்தால் நேர்த்தி வைப்பதோடு நில்லாமல் வைத்தியரிடமும் அழைத்துச் செல்வோம். வைத்தியரின் கையிலும் இறைவன் அருள் இருக்கின்றது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பியவர்கள் பலர் முதலில் செய்த வேலை, பாழடைந்த கிணற்றை இறைத்தது. இறைத்துச் சேறு அள்ளியதும், அன்றே குடிக்க முடியவில்லை. ஊற்று மீண்டும் ஊறித் தெளியும்வரை பொறுத்திருந்தோம். பிறகு அதே கிணற்றிலிருந்துதான் பிள்ளையாருக்கு அபிடேகத்துக்கும் நீர் எடுத்தோம்.

தொடங்கிய நற்கருமங்கள் யாவும் இளைப்பின்றி நிறைவேற, எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளைப் பணிந்து அமைகின்றேன்.

சுபம்.