பழுதும் பழியும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, "கிராங்க் போச்சு, ஸார்" என்று மெக்கானிக் சொல்லுகிற சமயத்தில் வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். டயர் போயிற்று, விளக்குப் போயிற்று என்றால் அது செலவு. கிராங்க் போயிற்று என்றால் அது விதி. ஆனால் அடுத்த நிமிஷம் அந்த இருவருக்கும் நடுவே எழுகிற கேள்வி விதியைப் பற்றியதல்ல. சரி பண்ணலாமா, அல்லது மாற்றித்தான் ஆகவேண்டுமா என்பதே கேள்வி. இதைப் பணக் கணக்கு என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். எனக்கென்னவோ இது நியாயம் பற்றிய கணக்கு என்று தோன்றுகிறது.

யந்திரத்தோடு பரிச்சயமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலே காலால் மிதிக்கும் தையல் மிஷின் இருந்தால், குனிந்து அதன் அடியில் பாருங்கள். மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் ஒரு கம்பி தெரியும். பலகை மேலும் கீழும் ஆடுகிறது, சக்கரம் சுற்றுகிறது. ஆட்டத்தைச் சுற்றாக மாற்றித் தருவது அந்தக் கம்பிதான். மோட்டார் சைக்கிளில் பிஸ்டன்தான் மிதிபலகை, கனெக்டிங் ராடுதான் கம்பி, கிராங்க்தான் சக்கரம்.

1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றிய பிறகு, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 346 சி.சி. எஞ்சின். அதன் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி, 90 மில்லிமீட்டர் இறங்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால், வினாடிக்கு 50 சுற்று. அதாவது ஒரு வினாடிக்குள் அந்தப் பிஸ்டன் நூறு தடவை நின்று, நூறு தடவை திரும்புகிறது. அதற்குள் ராடு படும் பாட்டைச் சொல்லி முடியாது. எண்ணெய் வெடிக்கும்போது நசுக்கு; புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் திரும்பும்போது இழுப்பு. இந்த நசுக்கும் இழுப்பும் மாறி மாறி, மணிக்கணக்காக, வருஷக்கணக்காக! நாமோ மேலே உட்கார்ந்துகொண்டு கடற்கரைக் காற்று நன்றாயிருக்கிறது என்கிறோம்.

இந்த ராடுக்கு இரண்டு விதமாகக் கேடு வரும். ஒன்று, தேய்மானம். ராடின் பெரிய முனை கிராங்க் பின்னைப் பிடித்துச் சுழலும் இடத்தில், பழைய புல்லட்டில் ஒரு மிதக்கும் புஷ் இருக்கும். ஆயில் குறைந்தாலோ, மாற்றாமல் கறுத்துப் போனாலோ அது தேயும். தேய்ந்தால் 'டொக் டொக்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பழமொழி சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொன்னவர் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவரல்ல. அங்கே காதால் கேட்பதுதான் முதல் மெய்.

இரண்டாவது கேடு, அயர்வு. இரும்புக்கு அயர்வா என்று சிரிக்க வேண்டாம். 1842-ஆம் வருஷம் மே மாதம், வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ஒரு ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்தது. வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகளைப் பூட்டி வைப்பது அக்காலத்து வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வரமுடியாமல் மாண்டார்கள். நல்ல அச்சு எப்படி ஒடிந்தது என்ற கேள்வி பல வருஷங்கள் இஞ்சினீயர்களைத் தூங்கவிடவில்லை. பிறகு ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை யந்திரத்தில் மாட்டி, லட்சக்கணக்கான தடவை சுற்ற வைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சிறு பளு, ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஒடித்துவிடும் என்று காட்டினார். மயிரிழைபோல் ஒரு விரிசல் ஏதாவது ஒரு கீறலிலோ, மூலையிலோ பிறக்கும். அது வளருவது யாருக்கும் கேட்காது. ஒரு நாள் 'படக்'கென்று முடிந்துவிடும். வீட்டிலே ஓயாமல் முணுமுணுப்பவரைப் பற்றி நாம் அலுத்துக்கொள்கிறோம். கவலைப்பட வேண்டியது முணுமுணுக்காதவரைப் பற்றி என்று, நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. இருக்கட்டும்.

தேய்ந்ததைச் சரி செய்யலாம். கிராங்க்கைப் பிரித்து, புதுப் பின்னும் புஷ்ஷும் போட்டு, மறுபடி இறுக்கி, லேத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டே செப்புச் சுத்தியால் மெல்லத் தட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்குள் ஓட்டம் நேராக வரும்வரை பொறுமையாக உட்காருவது ஒரு வித்தை. சங்கீத வித்வான் தம்பூரா சுருதி சேர்ப்பதைப் பார்க்கிற மாதிரிதான். ஆனால் ராடு விஷயம் அப்படியல்ல. மழை வெள்ளத்தில் சிலிண்டருக்குள் நீர் புகுந்ததை அறியாமல் வண்டியைக் கிளப்பினால் ராடு வளைந்துவிடும். காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை அல்லவா? வளைந்ததை நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. நிமிர்த்தவும் முடியும். கண்ணுக்கு நேராகவே இருக்கும். உள்ளே என்ன ஆயிற்று என்பதுதான் தெரியாது. சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல் ராடைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்குப் பொடி பூசி வைப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு விழும். விரிசல் இன்னும் பிறக்கவில்லை என்றால் கோடும் விழாது. கோடு விழாத அந்த வெள்ளைதான் மனிதனை ஏமாற்றுவது.

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடு என்பார்கள். யோக்கியமான பேச்சுப்போல் இருக்கிறது. ஆனால் மெக்கானிக்கே இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். எல்லாவற்றையும் மாற்றினால் அவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை, நாளைக்கு எது நேர்ந்தாலும் பழி அவரைச் சேராது, பணமோ அவருடையதல்ல. மாச முடிவை எண்ணி வாழும் ஒரு குமாஸ்தாவை, நூறு ரூபாயில் தீரும் தேய்மானத்துக்கு ஆயிரம் செலவழிக்க வைப்பதும் ஒருவகை அநியாயம்தான். நல்ல மெக்கானிக், "இது தாங்கும், இது தாங்காது" என்று பிரித்துச் சொல்லி, சொன்ன சொல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பவர்.

வண்டிக்காரர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. "என் வண்டி, என் உயிர், ராடை நிமிர்த்திப் போடு, ஓடுகிறவரை ஓடட்டும்" என்பார். ராடு ஒடிந்தால் என்ன ஆகும்? உடைந்த துண்டு எஞ்சின் சுவரையே ஓட்டை போடலாம். கிராங்க் சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, ஓடுகிற வண்டி சறுக்கும். அந்த வண்டியின் பின்னாலே உட்கார்ந்திருப்பவளை யாரும் பட்டறைக்கு அழைத்துப்போய் யோசனை கேட்கவில்லை. டாங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு யோசனையே தெரியாது. பின்னால் வரும் சைக்கிள்காரர் யாரோ எவரோ. 'என் உயிர்' என்ற வாதத்தில் இத்தனை பேர் தொற்றிக்கொண்டு வருகிறார்கள்.

விற்கும்போது விஷயம் இன்னும் சிக்கல். நாகசேனர் மிலிந்த மன்னனிடம், தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று கேட்டாராம். எதுவும் இல்லை என்று மன்னன் ஒப்புக்கொண்டானாம். நம் சர்க்காருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. எஞ்சின் கூட்டின்மேல் ஒரு நம்பர், சட்டத்தின்மேல் ஒரு நம்பர். அவை இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தினால் வண்டி அதே வண்டி. உள்ளே கிராங்க் பழையதா, புதியதா, நிமிர்த்திய ராடா என்று புத்தகம் கேட்பதில்லை. ஆகவே வாங்குகிறவர் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார், கிக்கரை உதைத்துப் பார்க்கிறார், திருப்தியோடு பணத்தை எண்ணுகிறார். புதிய ராடு போட்டவர் பில்லை எடுத்துக் காட்டிப் பெருமையாகச் சொல்வார். நிமிர்த்திப் போட்டவர்தான் அந்த நேரம் வானிலையைப் பற்றிப் பேசுவார். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் மனசுக்கு ஒரு சமாதானமும் இருக்கும். கேட்கத் தெரியாதவரிடம் சொல்லாமல் விடுவதற்குப் பொய் என்ற பெயர் இல்லைதான். வேறு பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பெயராக இராது.

கழற்றிய ராடு என்ன ஆகிறது என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். புதுப்பேட்டையில் கழற்றாத சாமானும் இல்லை, விற்காத சாமானும் இல்லை. மெருகு போட்டு எண்ணெய் தடவி வைத்தால் நிமிர்த்திய ராடும் 'நல்ல செகண்ட் ஹாண்ட்' ஆகிவிடும். கையில் காசு குறைவாக இருக்கும் இன்னொருவரின் எஞ்சினுக்குள் போய்விடும். அதனால் சில பட்டறைக்காரர்கள் கழற்றிய ராடை நடுவில் ரம்பத்தால் அறுத்து, இரண்டு துண்டாக வண்டிக்காரரின் கையிலே கொடுக்கிறார்கள். முழுசாக இருந்தால் ஏதோ கொஞ்சம் விலை வந்திருக்கும். துண்டுக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு காப்பிக்குக்கூடக் காசு தேறாது.