சோர்வு ஒரு குற்றமா?

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரிலிருந்து இன்று ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியுமுன்னே புறப்படுகின்றன. தந்தை இரவு ஷிப்டு முடிந்து உறங்கும்போது பிள்ளை பள்ளி செல்கிறான். பிள்ளை திரும்பும்போது தாய் வேலையில் இருக்கிறாள். இத்தகைய இல்லங்களில் ஒரு சிறுவனின் முகத்தில் மெல்லப் படரும் இருளை யார் காண்பது?

மதிப்பெண் குறைந்தால் சோம்பேறி என்கிறோம். எரிந்து விழுந்தால் திமிர் என்கிறோம். ஆனால் பிள்ளைகளிடத்தில் மனச்சோர்வு நோய் பல வேளைகளில் கண்ணீராக அன்றி எரிச்சலாகவே வெளிப்படுகிறது. காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, உறக்கக் குலைவு, பசியின்மை, விளையாட்டில் நாட்டமின்மை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்வதாகக் கூறியது.

குற்றம் என்பது மனமறிந்து, விரும்பிச் செய்வது. விரும்பும் ஆற்றலையே நோய் பற்றியிருக்கும்போது 'மனம் வைத்தால் முடியும்' என்று இடித்துரைப்பது நீதியாகுமா? சாவை வேண்டிப் பாலைநிலத்தில் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். அறிவுரையினும் பராமரிப்பு முந்தியது.

செபம் மருந்துக்கு மாற்றன்று. தொடக்க நிலைச் சோர்வுக்கு உளவியல் ஆலோசனையும், குடும்பத்தின் அரவணைப்பும், ஒழுங்கான உறக்கமுமே பெரிதும் உதவும். நோய் முற்றினால் மனநல மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தும் தேவைப்படும். அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சற்றுத் தேறியதும் நாமாக நிறுத்திவிடலாகாது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. பரிவோடு கேட்பது, தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்கவே துணைபுரியும். ஷிப்டு நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆயினும் நாளில் அரைமணி நேரம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாது பிள்ளையோடு அமர்ந்து உண்பது நம்மால் இயலும். அந்த அரைமணி நேரம் பிள்ளைக்கு நாம் இடும் பிச்சையன்று, அவனுக்குரிய உரிமை.