மூடியைக் கழற்று, நீயே முடிவெடு

ஒரு டப்பா ஆயில் வாங்குவதற்கு ஏன் இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

கோவளத்தில் உன் வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. இந்த வருடமாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை உனக்கு இருக்கிறது. கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தாய். ஒரு மெக்கானிக் 90 ஊற்றச் சொன்னார், இன்னொருவர் 140 என்றார். கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடிய சிந்தெடிக்கை எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பா, காயலான் கடைக்குப் போட்டுவிடு என்றார். நால்வரும் நல்லவர்கள்தான். ஆனால் வண்டி உன்னுடையது, பணம் உன்னுடையது, பல்சக்கரம் உடைந்தால் நடுரோட்டில் நிற்கப்போவதும் நீதான். இந்தப் பேச்சில் உன் குரலை மட்டும் காணோமே!

தன்னம்பிக்கை என்றால் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது என்று நினைத்துவிடாதே. ஒரு விஷயத்தை அடிவரை தெரிந்துகொண்டு, அந்தத் தெரிதலின் மேல் நின்று முடிவெடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். கியர் ஆயில் அதற்குச் சரியான பயிற்சிக் களம். ஏனென்றால் இதில் பதில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும் பதில்.

முதலில் உன் வண்டி யார் என்று தெரிந்துகொள். கோவளத்தை விட்டுக் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து மேற்கே வண்டலூர் சாலையைப் பிடித்தால், ஜி.எஸ்.டி. சாலையில் எங்கே போய் ஏறுவாயோ அந்த வட்டாரத்தில்தான் உன் கார் பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் வண்டலூர் பெருங்களத்தூர்ப் பக்கம் ஆலை வைத்து 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட வண்டி அது. உடலை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதன்மேல் இரண்டே இருக்கை வைத்து, 1962-இல் ட்ரையம்ஃப் இறக்கியதுதான் ஸ்பிட்ஃபயர். உலகமெங்கும் இன்றைக்கும் ஆசையோடு பாதுகாக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்! கியர் பாக்ஸும், பட்டறையில் கிரவுன் என்று சொல்லும் டிஃபரன்ஷியலும் இரண்டுக்கும் ஒரே குடும்பம். பழைய குப்பை என்று யாராவது சொன்னால் தலை குனியாதே. உன் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்கா.

ஆலை 1988-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல கம்பெனி இல்லை. அதனால் என்ன? கம்பெனி எழுதிவைத்த கையேடு இருக்கிறது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கையேடுகளைத் தேடிப் பிடி. இரண்டு இடத்துக்கும் 90 தரத்து இபி ஆயில் என்று அது சொல்லும். கியர் பாக்ஸுக்குச் சுமார் 0.85 லிட்டர், டிஃபரன்ஷியலுக்குச் சுமார் 0.57 லிட்டர். மொத்தமும் ஒன்றரை லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இதற்காகவா இத்தனை பயம்?

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார். இதைப் புரிந்துகொண்டவனை எந்தக் கடைக்காரரும் குழப்ப முடியாது.

டிஃபரன்ஷியலுக்குள் பினியன் என்ற சிறு பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு நேராக வந்து சேர்வதில்லை. சற்றுக் கீழே இறங்கி வந்து கடிக்கிறது. இதைத்தான் ஹைப்பாய்டு என்கிறார்கள். இப்படி இறக்கி வைத்ததால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சறுக்குகின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். பல் சூடாகும் இடத்தில் அது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். டப்பாவில் இபி என்று போட்டிருப்பது இந்த மருந்தைத்தான்.

கியர் பாக்ஸின் கதை வேறு. அங்கே இருப்பது சிங்க்ரோ ரிங். செம்புக் கலப்பு உலோகத்தில் செய்த வளையம். நீ கியர் மாற்றும் நொடியில் அந்த வளையம் கியரின் கூம்பை உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. உரசினால்தான் அதற்கு வேலை! அங்கே ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. வேகம் சமமாவதற்குள் பல் மோதும். கர்ரென்று சத்தம் வரும். போதாக்குறைக்கு, சூட்டில் அந்தக் கந்தகம் செம்பையும் அரிக்கக்கூடும்.

இப்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படி. ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று இருக்கும். ஜிஎல்-5-இல் அந்த மருந்து ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரர் சொல்வார்: “அஞ்சு புதுசு சார், நாலைவிட ஒசத்தி.” கேட்டுக்கொள், ஆனால் தலையாட்டாதே. ஐந்து என்பது ஹைப்பாய்டு பல்லின் தேவைக்கு எழுதப்பட்ட தரம். உன் கிரவுனுக்கு அது கச்சிதம். உன் சிங்க்ரோ ரிங்குக்கு நான்கே கச்சிதம். பெரிய எண்ணைக் கண்டதும் பணிந்துபோகும் பழக்கத்தை இந்தக் கடை வாசலிலேயே விட்டொழி!

சில புதிய ஜிஎல்-5 ஆயில்களில் கந்தகம் செம்பைத் தொடாதபடி பக்குவப்படுத்தியிருக்கிறோம் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். நம்புவதற்கு முன் தயாரிப்பாளரின் தரவுத்தாளைக் கேள். பளபளப்பான செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முடிவை 1 முதல் 4 வரை குறிப்பார்கள். 1 என்றால் செம்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, 4 என்றால் அரித்துவிட்டது. ஆனால் செம்பு தப்பினாலும் வழுக்கல் பிரச்னை தீர்ந்துவிடாது. ஆகவே என் தீர்ப்பு இது: கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, கிரவுனுக்கு ஜிஎல்-5. இரண்டு டப்பா வாங்கு. மேலே பெரிய எழுத்தில் எது எதற்கென்று எழுதிவை.

அடுத்து 90 என்ற எண். என்ஜினுக்கு 40 ஊற்றிப் பழகியவர்கள் 90 என்றதும் தார் போல இருக்கும் என்று எண்ணுகிறார்கள். கிடையாது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். நூறு டிகிரிச் சூட்டில் 90 தர கியர் ஆயிலின் தடிமன், என்ஜின் ஆயிலில் 40, 50 தரங்கள் நிற்கும் இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது. 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்பதில் முன்னால் வரும் எண் குளிருக்கானது. 75டபிள்யூ என்பதைச் சோதிப்பது சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியில். 80டபிள்யூ-வை, கீழே 26 டிகிரியில். கோவளத்தில் மார்கழி விடியற்காலையில் வலை இழுக்கப் போகிறவர்கூட அந்தக் குளிரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். சென்னைக் கடற்கரையில் ஓடும் வண்டிக்கு அந்த முன் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை. 80டபிள்யூ-90 தாராளமாகப் போதும்.

140 விவகாரத்துக்கு வருவோம். தேய்ந்துபோன கிரவுன் ஊளையிடும்போது 140 ஊற்றினால் சத்தம் அடங்கும். அதைச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் சத்தம் அடங்கியதே தவிர தேய்மானம் அடங்கவில்லை. பேரிங் போயிருக்கிறதா, பினியன் தளர்ந்திருக்கிறதா என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குரலை நீயே அமுக்கிவிட்டாய். விற்கப்போகிறவன் சத்தத்தை மறைக்கட்டும். வைத்து ஓட்டப்போகிற நீ அந்தச் சத்தத்தைத் தைரியமாகக் கேள்!

ஒரு வண்டிக்குச் சரியானது எல்லா வண்டிக்கும் சரி என்றும் நினைத்துவிடாதே. அதே காலத்து எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள். அதன் கிரவுனுக்கு 90 இபி ஆயில்தான். கியர் பாக்ஸுக்கோ என்ஜினுக்கு ஊற்றுகிற அதே 20டபிள்யூ-50! அதே நாடு, அதே காலம், வேறு கையேடு. “எல்லாம் இங்கிலீஷ் வண்டிதானே” என்று அடித்துப் பேசுகிறவர் எதிரே வந்தால், வாதாடாமல் பக்கத்தைப் புரட்டிக் காட்டு.

இன்னொன்று, இதைத்தான் நான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்முனையில் ட்ரன்னியன் என்று ஒரு துண்டு இருக்கிறது. அதுவும் செம்புக் கலப்பு உலோகம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு அதன் மரைக்குள் சுழல்கிறது. அங்கே கிரீஸ் அடிக்கக்கூடாது. 90 ஆயில்தான் போக வேண்டும் என்கிறது கையேடு. நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை எடுப்பது பட்டறையில் கைப்பழக்கம். கிரீஸ் இறுகி மரையின் இடுக்குக்குள் போகாமல் நின்றுவிடும், ஈரம் உள்ளே புகும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். உப்புக்காற்று ராவும் பகலும் வீசுகிற கோவளத்தில், முட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலை ஒட்டி ஓடப்போகிற வண்டியில், இதைக் கவனிக்காமல் விடலாமா? கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 டப்பாவில் மிச்சம் இருக்குமே, அதையே அங்கே செலுத்து. யார் சிரித்தாலும் சரி, கிரீஸ் கன்னை மறுத்துவிடு. அந்த இடத்தில் உன் பிடிவாதம் ஓர் உயிரைக் காக்கும்.

இதெல்லாம் படித்த பொறியாளர்களுக்குத்தான் என்று பின்வாங்குகிறாயா? கோயம்புத்தூரின் கரிவரதனை நினைத்துப்பார். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது எட்டாக்கனியாக இருந்த காலத்தில், வீட்டுக் காரான மாருதி 800-இன் என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். இந்தியாவின் எத்தனையோ ஓட்டுநர்கள் அந்த வண்டிகளில்தான் பந்தயம் பழகினார்கள். கையில் இருந்ததை அக்குவேறு ஆணிவேறாக அறிந்ததுதான் அவருடைய மூலதனம். உனக்கு முன்னால் இருப்பதோ இரண்டு நட்டு, ஒன்றரை லிட்டர் ஆயில்!

மெக்கானிக்கை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. நாற்பது வருடம் கிரவுன் பிரித்துக் கோத்த கைக்கு முன்னால் பணிவோடு நில். ஆனால் கேள்வியோடு நில். “அண்ணே, 140 ஏன் சொல்றீங்க? உள்ள பேரிங்ல ஆட்டம் இருக்கா?” என்று கேட்டுப்பார். தொழில் தெரிந்தவர் முகம் மலர்ந்து பிரித்தே காட்டுவார்.

இனி வேலைக்கு வா. ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஆயில் சீலையும் வாஷரையும் வாங்கிவை. காரைச் சற்றுத் தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கு. சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடு. வடிக்கும் நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடி. அந்த நட்டு இல்லாத கிரவுனாக இருந்தால் பெரிய சிரிஞ்சில் குழாய் மாட்டி உறிஞ்சு. வெளியே வந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதே. வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பார். பொன் தூள் போல மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. ஊசி ஊசியாக இரும்பு வந்தால் பேரிங்கோ பல்லோ அழைக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைநீரில் வண்டியை விட்டாயா என்று யோசி, கிரவுன் மேலே இருக்கும் மூச்சுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார். புதிய ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பில் ததும்பும்வரை ஊற்று. அதற்கு மேல் திணித்தால் சீல் வழியாக வெளியே வரும்.

ஆனால் இத்தனைக்கும் முன்னால் ஒன்று. பழைய ஆயிலை வடிக்கும் நட்டில் கை வைக்காதே. நிரப்பும் நட்டு பல வருடத் துருவில் இறுகிக் கிடக்கலாம். வடித்துவிட்டு அது கழலாமல் போனால், ஆயிலே இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு தவிப்பாய். நிரப்பும் நட்டை முந்தின இரவே துருநீக்கி எண்ணெயில் ஊறவிடு. பொருந்தாத ஸ்பானரால் முனை மழுக்காமல், சரியான சாவியைப் போட்டு, நிதானமாக அழுத்து. மேல் நட்டு முதலில். எடு ஸ்பானரை!