நோயற்றவரின் மாத்திரை

குளச்சல் கடலோர மக்களுக்கு யானைக்கால் நோய் புதிதன்று. அதற்குக் காரணமான நூலிழை போன்ற புழு, நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்ந்து எண்ணற்ற நுண்புழுக்களை ஈனும். அவை பகலில் பதுங்கி, கொசு கடிக்கும் இரவு வேளையில் குருதியில் உலவும். வியப்பு யாதெனில், அவற்றைச் சுமப்பவருக்குக் கால் வீங்காமலும் இருக்கலாம். வீங்கியவரின் குருதியிலோ பெரும்பாலும் அவை இரா.

2004-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபின், வீடு தேடி மாத்திரை வந்தது. "எனக்குத்தான் நோயில்லையே, சாமி!" என்றார் ஒருவர். குமட்டல் வந்தால் அது அவருக்கு. பயனோ அவர் முகமறியா அயலாருக்கு. மறுப்பது பாவமா? அறியாது மறுத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அறிந்தபின் மறுத்தால்? கொசுவின் கதையை அவருக்கு விளக்கினேன். மாத்திரையைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். விழுங்கினாரா, அறியேன்.